முனிக்கு வைத்த சோறு

என் வீட்டுக்காரரை அவசரகாலச் சட்டத்தில் பிடித்தபோது அவர் கையில் இருந்தது ஒரு காலித் தூக்குச்சட்டி. துப்பாக்கி இல்லை, துண்டுத்தாள் இல்லை. சட்டியின் அடியில் நாலைந்து சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தனவாம். அவற்றைச் சுரண்டி எடுத்துக் காகிதத்தில் மடித்து, மேலே நம்பர் போட்டு வைத்திருந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் சமைத்த சோற்றுக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

நாங்கள் அப்போது மலாக்கா டவுனில், காஜா பேராங்கில் குடியிருந்தோம். செட்டிமார் கம்பம் என்கிற குடியிருப்பை ஒட்டிய ஒரு வீட்டின் பின்கட்டு. வீட்டுக்காரம்மா பல தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிய செட்டிப் பெண்மணி, என் அம்மா வயது இருக்கும். மாரியம்மனைக் கும்பிடுவார், திருநீறு பூசுவார், தமிழ் மட்டும் வராது. அவர் பேசுவது ஒரு மாதிரி மலாய். நடுநடுவே நம் சொல் ஒன்றிரண்டு தலை காட்டும். எனக்கு அரைகுறை மலாய், அவருக்குக் கால்வாசித் தமிழ். அதை வைத்துக்கொண்டே நாள் முழுக்கச் சளைக்காமல் பேசுவோம்.

என் வீட்டுக்காரருக்கு பஸ்ஸில் கண்டக்டர் வேலை. டவுனிலிருந்து குருபோங் பக்கம் போகும் பஸ். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, காதில் பென்சில். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகளுக்கு எட்டு மாதம்.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அவசரகாலம் என்றால் என்னவென்று தெரியாது. சொன்னாலும் கதை கேட்பதைப் போலக் கேட்பார்கள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். வெளியே வெள்ளைக்கார அரசாங்கம். சண்டை அவர்கள் இரண்டு பேருக்கும். நாங்கள் கண்டது சண்டையை அல்ல, சட்டத்தைத்தான். பன்னிரண்டு வயதானவர்களுக்கெல்லாம் அடையாள அட்டை. அரிசிக்குக் கூப்பன் அட்டை. டவுனிலிருந்து தோட்டப் பக்கம் அரிசி கொண்டு போகக்கூடாது, டின் சாமான் கொண்டு போகக்கூடாது. காட்டோரத்தில் யாராவது உணவு வைத்தால் அது கம்யூனிஸ்டுக்கு வைத்ததுதான் என்று கணக்கு. பயங்கரவாதிக்குச் சோறு போட்டவன் என்று பேர் வந்தால் கோர்ட்டு வேண்டாம், வக்கீல் வேண்டாம், தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

முன்பெல்லாம் எங்கள் தெருவுக்கு ஒரு மலாய்க்காரப் போலீஸ்காரர் சைக்கிளில் வருவார். போலீஸ்காரரை நாங்கள் மாத்தா என்றுதான் சொல்வோம். அந்த மாத்தா முருங்கைக்காய் கேட்டு வாங்கிப் போவார், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார். சட்டம் வந்த பிறகு அவரே வாசலில் நின்று ஐ.சி. கேட்டார். என் பெயர் தெரியும், என் பிள்ளையின் பெயர் தெரியும், இருந்தும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பார்க்கிறாரா என்று அவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகளுக்கு ஒரு தடவை காய்ச்சல் கண்டு இழுப்பு வந்துவிட்டது. கண் மேலே சொருகி, கை கால் விறைத்து, நீலம் பாய்ந்து கிடந்தாள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் ஊசி போட்டார். அவர் ஊசி போட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில் நான் முனியாண்டிக்கு நேர்ந்துகொண்டேன். யார் காப்பாற்றியது என்று நான் இன்றுவரை பிரித்துப் பார்த்ததில்லை.

நான் பிறந்தது குருபோங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். கித்தா, அதாவது ரப்பர் மரங்கள் முடிகிற இடத்தில் ஒரு பெரிய மரம், அதனடியில் ஒரு கல், ஒரு சூலம். அதுதான் எங்கள் முனி. அதற்கப்புறம் புதர், அப்புறம் காடு. மூன்று செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் படையல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். பச்சரிசிச் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, சுருட்டு, ஒரு சின்னப் போத்தல் சாராயம். அவ்வளவுதான், பெரிய செலவு இல்லை.

ஆனால் அந்த முனிக்கு முறை உண்டு. பிள்ளை பெறுகிற வயதுப் பெண்கள் அங்கே போகக்கூடாது. ஆம்பிளைதான் போக வேண்டும். இலையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால், பஸ் போகிற சடக்கு வந்து சேருகிறவரை திரும்பிப் பார்க்கக்கூடாது, பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் பதில் கொடுக்கக்கூடாது. கூப்பிடுவது மனிதர்தான் என்று என்ன நிச்சயம்? திரும்பினால் முனி கூடவே வந்துவிடும். எங்கள் லயத்து வீடுகளில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் இது தெரியும்.

என் வீட்டுக்காரர் டவுனில் பிறந்தவர். அவர் குடும்பத்தில் முனி கினி எதுவும் கிடையாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கோயிலுக்கு வருவார், அதுவும் நான் இழுத்தால். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"நான் கண்டக்டரா, பூசாரியா?" என்றார்.

"ரெண்டும்தான். பிள்ளைய நினைச்சுக்கிட்டுப் போய்ட்டு வாங்க. ஆனா திரும்பிப் பாக்கக் கூடாது. எனக்கு வாக்குக் குடுங்க."

"சரி, பாக்கல."

"கூப்பிட்டாலும் பாக்கக் கூடாது."

"பாக்கல தாயே."

சோறு கொண்டு போகலாமா என்ற பயம் எனக்கும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். குருபோங் முச்சந்தியில் கம்பி போட்டு மறித்து, பஸ்ஸில் ஏறிப் பையெல்லாம் துழாவுவார்கள். "கேட்டா என் மத்தியானச் சாப்பாடுன்னு சொல்றேன்" என்றார் அவர். அவர்களும் கேட்டார்கள், இவரும் அப்படியே சொன்னார், அவர்களும் தினம் பார்க்கிற கண்டக்டர்தானே என்று விட்டுவிட்டார்கள். தோட்டத்துத் திருப்பத்தில் பஸ் அரைமணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் போய் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

இரண்டாவது செவ்வாய் சாயங்காலம் வந்து, "போன வாரம் வச்ச இலை சுத்தமா இருந்துச்சு. ஒரு பருக்கை இல்ல" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முனி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். வீட்டுக்காரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, எங்கள் வழக்கத்தில் செத்துப்போன பெரியவர்களுக்கு வீட்டுக்குள்ளேதான் இலை போடுவோம், பிறகு நாங்களே உட்கார்ந்து சாப்பிடுவோம், வெளியே ஒன்றும் போகாது என்றார். இந்தக் காலத்தில் அதுதான் நல்லது என்பதையும் சேர்த்துச் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை அவர் இலையில் எல்லாம் வைத்துவிட்டுக் கித்தா மரங்களுக்கிடையே திரும்பி வந்துகொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து "பெரெந்தி" என்று ஒரு குரல். நில் என்று அர்த்தம். மலாய் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. புரியாமல் இல்லை. ஆனாலும் நடந்தார். மறுபடி கத்தினார்கள். நடந்தார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தார்கள். அப்போது நின்றார், திரும்பவில்லை. காவல் படை ஆள்கள்தான் சுற்றிக்கொண்டு முன்னால் வர வேண்டியிருந்தது. இலையும் சோறும் பின்னால் கிடந்தன. 'தப்பி ஓட முயன்றான், முகத்தைக் காட்ட மறுத்தான்' என்று எழுதிக்கொண்டார்கள். சாமி நம்பிக்கை இல்லாத மனுஷன், பெண்டாட்டிக்குக் கொடுத்த வாக்குக்காக முதுகில் குண்டு வாங்கியிருப்பார். 

பஸ் டிரைவர் வந்துதான் சொன்னார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே ஒரு தமிழ்க் கிராணி இருந்தார். கண்ணாடி போட்ட, மெல்லிசான மனிதர். எழுத்து வேலையும் அவர்தான், மொழிபெயர்ப்பும் அவர்தான்.

"கேஸ் எப்பண்ணே வருது?" என்று கேட்டேன்.

"கேஸ் இல்ல தங்கச்சி. கேஸ்னா கோர்ட்டு. கோர்ட்டுன்னா சாட்சி வேணும், ரூசு வேணும். இதுக்கு அதெல்லாம் வேணாம். மேலேருந்து ஒரு கடுதாசி வந்தாப் போதும், ரெண்டு வருசம் உள்ள வைக்கலாம்."

"என்ன குத்தம்னு யாரு சொல்லுவா?"

"சொல்லணும்னு கட்டாயம் இல்ல."

"அப்ப குத்தம் இல்லன்னு நாங்க எப்படிச் சொல்றது?"

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

மறுநாள் வீட்டைச் சோதனை போட வந்தார்கள். அரிசி டின்னைக் கவிழ்த்து, தராசில் நிறுத்து, கூப்பன் அட்டையோடு ஒத்துப் பார்த்தார்கள். தலையணையைக் கிழித்தார்கள். சுவரில் தொங்கிய தேதிக் காலண்டரில் மூன்று செவ்வாய்க்கிழமைக்கு நான் சிவப்புப் பென்சிலில் வட்டம் போட்டிருந்தேன். அதைக் கண்டதும் அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே. காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். முருங்கைக்காய் வாங்கிப் போகிற மாத்தாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். கொட்டிய அரிசியை அள்ளிப் போட அவர் குனிந்தார், இன்னொருவர் அதட்டியதும் நிமிர்ந்துகொண்டார்.

கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரரைக் கடலோரத்தில் இருந்த ஒரு கேம்ப்புக்குக் கொண்டு போனார்கள். மாதம் ஒரு தடவை பார்க்கலாம். நடுவில் இரண்டு வரிசைக் கம்பி, பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். பிள்ளை எப்படி இருக்கிறாள், பல் முளைத்துவிட்டதா, அவ்வளவுதான் பேசலாம். கேஸ் என்ற பேச்சை எடுத்தால் நேரம் முடிந்துவிட்டது என்பார்கள். கடிதம் வரும். அதில் பாதி வரிகளைக் கத்தரித்து எடுத்திருப்பார்கள். ஒரு கடிதத்தில் 'அன்புள்ள' என்பதும் கடைசியில் அவர் கையெழுத்தும் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அதையும் பெட்டியில் வைத்தேன்.

தோட்டத்திலிருந்து என் சொந்தக்காரர்கள் வருவது நின்றுபோனது. பயம். எங்கள் முனிக்கு அதன் பிறகு யாரும் எதுவும் வைக்கவில்லை. நான் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். மிஷின் வீட்டுக்காரம்மாவுடையது. நான் தைக்கும்போது மகள் அவர் மடியில் கிடப்பாள். மகள் முதலில் பேசியது அந்த அம்மாவின் மலாய்தான்.

அந்தச் சட்டத்திலும் ஒரு சின்னச் சந்து வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் ஒரு குழு விசாரிக்கும். குழு சொன்னால் விடுவார்கள், இல்லையென்றால் இல்லை. என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார். எனக்கும் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அவர் வீடு திரும்புவதற்கு இருந்த ஒரே வழி அதுதான். நான் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

அன்றைக்கு உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால் கிராணி என்னை நடையில் ஓரமாக நிறுத்தினார். அவருக்கு அது வேலைக்கே உலை வைக்கிற காரியம்.

"தங்கச்சி, முனி கினின்னு ஆரம்பிக்காதீங்க. இவங்களுக்குப் புரியாது. சோறு என்னாச்சுன்னுதான் கேப்பாங்க. நாய் தின்னிருக்கும்னு சொல்லுங்க. காட்டுல உள்ளவங்க திங்கலன்னு ஆகணும், அவ்வளவுதான்."

"முனிக்கு வச்சத நாய் தின்னுச்சுன்னு நானே சொல்றதா?"

"ஒங்களுக்குப் புருசன் வேணுமா, முனி வேணுமா?"

புருஷன்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீளமான மேசை. நடுவில் ஒரு வெள்ளைக்காரர், இரண்டு பக்கமும் உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேர். என் காலண்டர் மேசைமேல் இருந்தது. வெள்ளைக்காரர் கேட்டதைக் கிராணி எனக்குத் தமிழில் சொன்னார், நான் சொன்னதை அவருக்கு இங்கிலீஷில் சொன்னார்.

"சோத்த யாருக்கு வச்சாருன்னு கேக்குறாங்க."

"சாமிக்கு. பிள்ளைக்கு வேண்டிக்கிட்டது."

"அடுத்த வாரம் போனப்ப அந்தச் சோறு இருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப யாரு சாப்பிட்டது?"

"நாய்ங்க. லயத்து நாய்ங்க அங்க சுத்தும்."

வெள்ளைக்காரர் பேனாவை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கடையில் சில்லறை குறைகிறது என்று சொன்னால் முதலாளி பார்ப்பாரே, அந்தப் பார்வை. 'நாய்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்' என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. என் அம்மா அதற்காகவே என்னை அடித்திருக்கிறார்.

"நானே பாத்தேன். இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செவலை. இலையோட இழுத்துப் போட்டுத் தின்னுச்சு" என்றேன்.

கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரர் எழுதிக்கொண்டார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரை உள்ளே கூட்டிப் போனார்கள். நடையில் எதிரெதிரே கடந்தோம். ஒரு வார்த்தை பேச விடவில்லை. சட்டை தொளதொளவென்று தொங்கியது. என்னைப் பார்த்துச் சிரித்தார். எப்படியும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு கருவாடு வாங்கப் போனேன்.

வரவில்லை. மூன்றாவது நாள் கிராணியைப் போய்ப் பார்த்தேன்.

"ரெண்டு பேரு பேச்சும் ஒத்துப்போகல தங்கச்சி. நீங்க நாய்னு சொன்னீங்க. அவரு முனி சாப்பிட்டாருன்னு சொல்லிட்டாரு. அடிச்சுச் சொல்லிட்டாரு. யாரோ ஒருத்தர் பொய் சொல்றீங்க, சோத்தத் தின்னவன யாரோ மறைக்கிறீங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க."

 நான் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது, அதனால் அவர் பாட்டுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். முதலில் என்மேல்தான் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கும். பிறகு அவர்மேல் வந்தது. வருடத்துக்கு இரண்டு தடவை கோயிலுக்கு வருகிற மனுஷனுக்கு அந்த மேசைக்கு முன்னால்தானா பக்தி முற்ற வேண்டும்? நாய் என்று ஒரு சொல் அவர் வாயில் வராமலா போய்விட்டது?

அந்தச் சோற்றை உண்மையில் யார் தின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. நாயாக இருக்கலாம், குரங்காக இருக்கலாம், முனியாக இருக்கலாம். காட்டிலிருந்து பசியோடு வந்த எவனாவது ஒருவனாகவும் இருக்கலாம். இதைச் சொல்ல இப்போது எனக்குப் பயம் இல்லை.

அவர் உள்ளே இருக்கும்போதே எங்கள் பக்கத்தை வெள்ளைப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். கம்யூனிஸ்ட் தொல்லை தீர்ந்த இடம் என்று அர்த்தம். முச்சந்தியில் கம்பியை எடுத்தார்கள். அரிசியை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகலாம் என்றானது. தோட்டத்து ஆள்கள் முனிக்குப் பழையபடி படையல் வைக்க ஆரம்பித்தார்கள், ஆடுகூட வெட்டினார்களாம். சோறு வைத்ததற்காகப் பிடித்த மனுஷன் மட்டும் கம்பிக்குள்ளேயே இருந்தார். இரண்டு வருடம் முடிந்த அன்று இன்னொரு கடுதாசி வந்தது. இன்னும் ஒரு வருடம். அதற்கும் காரணம் எழுதவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் மத்தியானம் பையோடு வாசலில் வந்து நின்றார். மகள் அவரைப் பார்த்து அழுதுகொண்டே வீட்டுக்காரம்மாவின் சாரோங்குக்குள் போய் ஒளிந்தாள்.

விட்டதும் முழுசாக விடவில்லை. வாரம் ஒரு நாள் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். டவுன் எல்லையைத் தாண்டக்கூடாது. இருட்டிய பிறகு வெளியே வரக்கூடாது. கூட்டம் கூடுகிற இடத்துக்குப் போகக்கூடாது. டவுன் எல்லையைத் தாண்டாத பஸ் ஏது? கண்டக்டர் வேலை போனது போனதுதான். ஒரு மரக்கடையில் பலகை அடுக்குகிற வேலைக்குப் போனார். பையும் பென்சிலும் வைத்திருந்த மனுஷன் கையெல்லாம் சிராய்.

மெர்டேக்கா வந்தது, நாட்டுக்குச் சுதந்திரம். ஊரெல்லாம் திடலுக்குப் போனது, நானும் மகளைத் தூக்கிக் காட்டக் கூட்டிப் போனேன். அவர் வரக்கூடாது. அந்த வாரமும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தார். கொடி புதுசு, மாத்தாவின் தொப்பியில் சின்னம் புதுசு, கையெழுத்துப் புத்தகம் மட்டும் பழைய புத்தகம் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களை ஆள நம் ஆள்களே வந்தாயிற்று, இந்தப் புத்தகத்தை எப்போது மூடுவார்கள் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டார்.

நான் அவரைச் சும்மா விட்டேன் என்று நினைக்க வேண்டாம். வீட்டில் ஏதாவது ஒன்றுக்கு வாக்குவாதம் வந்தால் கடைசியில் அங்கேதான் போய் நிற்பேன். "ஒங்களுக்குப் பெண்டாட்டி பிள்ளையவிட முனிதானே பெருசு. நாய்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்புள்ள அப்பன் யாருன்னு தெரியாம வளந்திருக்குமா?" என்பேன். மகள் அவரிடம் ஒட்டாமல் இருந்தது எனக்கு ஆறாத புண். அவர் தலையைக் குனிந்துகொண்டு கைவேலையைப் பார்ப்பார். ரொம்பப் போனால், "வாய்க்கு வந்தத சொல்லிட்டேன், விடு" என்பார். சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விட்டு வருவார்.

அவசரகாலம் முடிந்தது என்று அரசாங்கம் அறிவித்தது. அதே கையோடு புதுச் சட்டம் ஒன்றும் வந்தது. விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கிற வேலையை அந்தச் சட்டம் தொடர்ந்து பார்த்துக்கொண்டது. பத்திரிகையில் படித்துவிட்டு மடித்து வைத்தேன். அந்தச் சமயத்தில்தான் ஜாலான் பெண்டஹாராத் துணிக்கடையில் கிராணியைப் பார்த்தேன். பென்ஷன் வாங்கியிருந்தார். தன் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவராகவே கிட்டே வந்தார்.

"வேலையில இருந்தவரைக்கும் வாயத் தொறக்க முடியல தங்கச்சி. மனசுல கெடந்து உறுத்துது. நீங்க சொன்னத நான்தான் ஒங்க வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். அதுக்கப்புறந்தான் அவரக் கேட்டாங்க. இது உண்மைதானேன்னு கேட்டாங்க. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே விட்டிருப்பாங்கன்னு நெனைச்சேன். ஆமான்னு சொல்லுங்கன்னு தலையக்கூட ஆட்டிக் காட்டினேன். இல்லன்னுட்டாரு."

கொண்டு வந்த ரவிக்கைகளை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன். நான் சொன்னது அவருக்குத் தெரியும். தெரிந்தே இல்லை என்றிருக்கிறார். தெரிந்தே மூன்று வருடம். எனக்குக் கண் மண் தெரியவில்லை.

பின்கட்டில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னத ஒங்களுக்குப் படிச்சுக் காட்டினாங்களா?"

"யாரு சொன்னா?"

"காட்டினாங்களா, இல்லையா?"

"காட்டினாங்க."

அதன் பிறகு நான் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்காரம்மா முன்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் என் வீட்டுக்காரர் கையைத் துணியில் துடைத்தார்.

"நாய் தின்னுச்சுன்னதோட நீ நிறுத்தியிருக்கலாம். பாத்தேன்னு சொல்லிட்ட. அந்த வெள்ளைக்காரன் எங்கிட்ட அடுத்தாப்புல அதத்தான் கேட்டான். அப்ப ஓம் பெண்டாட்டியும் அந்த எடத்துக்கு வந்திருக்கா, இல்லையான்னு. கிராணிக்கு அது ஒறைக்கல, தலைய ஆட்டிக்கிட்டு இருந்தாரு. ஆமான்னா நீயும் கூட்டுன்னு ஒன்னையும் அன்னைக்கே உள்ள போட்டிருப்பாங்க. எட்டு மாசத்துப் பிள்ளைய விட்டுட்டு வந்தவன் நான். அதுக்கு அம்மாவும் இல்லன்னா?"

நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

"அதனால பொம்பளைங்க அங்க வரமாட்டாங்க, இவ வந்ததே இல்ல, எதையும் பாத்திருக்க முடியாது, முனிதான் சாப்பிட்டாருன்னு சொன்னேன்."

"இத ஏன் இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லல?"

"கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தப்ப சொன்னா, நீ நேரா ஸ்டேஷனுக்குப் போயி நான் பொய்தான் சொன்னேன், என்ன பண்ணுவேன்னு கத்தியிருப்ப. அதுக்கும் ஏதாவது சட்டம் வச்சிருப்பாங்க. அப்புறம் விட்டுப்போச்சு."

கடைசியில் அந்த வெள்ளைக்காரர் இன்னொன்றும் கேட்டாராம். அப்படியானால் உன் மனைவி பொய் சொல்லியிருக்கிறாள், அப்படித்தானே என்று. இவர் ஆமாம் என்றிருக்கிறார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் என்னைப் பற்றி வெளியாளிடம் சொன்ன ஒரே குறை அதுதான். அதற்காக மூன்று வருடம் உள்ளே இருந்தார்.